தீவுக்கேற்ற கால்நடை இனம்: நிக்கோபாரில் பதிவும் மந்தையும்

நாட்டிலுள்ள கால்நடை இனங்களின் பதிவேடு அரியானா மாநிலத்துக் கர்னால் நகரில் உள்ளது. அங்கு இயங்கும் தேசிய விலங்கின மரபுவளப் பணியகத்தின் பட்டியலில், ஓங்கோல், கிர், காங்கேயம் போன்ற பெரும் பெயர்களோடு, ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடல் கடந்து செல்லவேண்டிய ஒரு தீவுக்கூட்டத்தின் பெயரும் இடம்பெற்றிருக்கிறது. நிக்கோபாரிக் கோழி, நிக்கோபாரிப் பன்றி, தெரசா ஆடு ஆகிய மூன்றும் நிக்கோபார் மாவட்டத்துக்கே உரிய இனங்கள் என்று முறைப்படி ஏற்கப்பட்டுள்ளன. 2011ஆம் ஆண்டு மக்கட்தொகைக் கணக்கெடுப்பின்படி அம்மாவட்டத்தில் வாழ்ந்தோர் 36,842 பேரே. அத்தனை சிறிய சமுதாயம் மூன்று தனி இனங்களை உருவாக்கிக் காத்து வந்திருப்பது வியப்புக்குரியதாகும். ஆயினும் பெயர் பட்டியலில் ஏறிவிட்டதனாலேயே ஓர் இனம் நிலைபெற்றுவிடுமா என்ற வினா எஞ்சி நிற்கிறது.

பதிவு என்பது இருவகை

கால்நடைத் துறையில் பதிவு என்ற சொல் இரு வேறு பொருள்களில் வழங்குகிறது. மாணவர்கள் பெரும்பாலும் இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதால் சற்று விளக்குதல் வேண்டும்.

முதலாவது, இனத்தைப் பதிவு செய்தல். இந்திய விவசாய ஆராய்ச்சிக் கவுன்சில் இதற்கான ஏற்பாட்டை 2007ஆம் ஆண்டு வாக்கில் தொடங்கியது. இனம் எப்பகுதியில் வாழ்கிறது, எத்தனை உயிர்கள் உள்ளன, பிற இனங்களிலிருந்து எவ்வகையில் வேறுபடுகிறது, அவ்வேறுபாடு தலைமுறைதோறும் மாறாது வருகிறதா, உற்பத்தித் திறன் என்ன என்பனவற்றைச் சான்றுகளோடு விண்ணப்பிக்க வேண்டும். ஏற்கப்பட்ட இனத்துக்கு நாட்டின் பெயர், கால்நடையின் வகை, மாநிலக் குறியெண், இனப்பெயர், வரிசை எண் ஆகியன அடங்கிய பதிவெண் வழங்கப்படுகிறது. 2019 முதல் இவ்வினங்கள் அரசிதழிலும் அறிவிக்கப்பட்டு வருகின்றன. இதனால் இனத்தின் உரிமை நாட்டுக்கும் அதனை வளர்த்த மக்களுக்கும் உறுதியாகிறது.

இரண்டாவது, மந்தையைப் பதிவு செய்தல். ஒவ்வொரு விலங்குக்கும் எண் இட்டு, அதன் தாய், தந்தை, பிறந்த நாள், எடை, ஈற்று இடைவெளி ஆகியவற்றை ஏட்டில் எழுதி, அவ்வேட்டின் துணைகொண்டே அடுத்த தலைமுறைக்குரிய ஆண் விலங்கைத் தேர்ந்தெடுப்பது இம்முறை. கொங்கு நாட்டில் பழையகோட்டைப் பட்டக்காரர்கள் பேணிய காங்கேயம் மந்தை இதற்குத் தமிழகம் அறிந்த எடுத்துக்காட்டு. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் அம்மந்தையிலிருந்து சென்ற பொலிகாளைகளே சுற்றுவட்டார மாடுகளுக்கு ஒரே சீரான உருவத்தையும் உழைப்புத் திறனையும் அளித்தன. அரசு அளவிலும் 1940களின் தொடக்கத்திலேயே முக்கிய மாட்டினங்களுக்கு மந்தைப் பதிவுத் திட்டம் தொடங்கப்பட்டது.

நிக்கோபார் இனங்கள் முதல் வகைப் பதிவைப் பெற்றுவிட்டன. இரண்டாவது வகையில்தான் பெரும்பணி எஞ்சியிருக்கிறது.

ஆப்பிரிக்கா காட்டும் இரு வழிகள்

வெப்பமும் உண்ணியும் மிகுந்த நிலத்தில் இறைச்சி மாட்டினம் ஒன்றைப் பதிவு பெற்ற மந்தையாக வளர்த்தெடுப்பது எவ்வாறு என்பதற்கு ஆப்பிரிக்காவின் தென்பகுதி இரண்டு தெளிவான முன்மாதிரிகளைத் தருகிறது. இரண்டும் ஏறக்குறைய ஒரே காலத்தவை. ஆனால் வழிகள் வேறு.

தென்னாப்பிரிக்காவில் யான் பான்ஸ்மா என்ற விலங்கியல் அறிஞர் 1937 முதல் மாரா ஆராய்ச்சிப் பண்ணையில் கலப்பினப் பணியைத் தொடங்கினார். இங்கிலாந்திலிருந்து வந்த ஹியர்போர்டு, ஷார்ட்ஹார்ன் மாடுகள் குளிர்நாட்டில் விரைந்து எடை கூடுபவை. ஆனால் வெயில் ஏறியதும் அவற்றின் உடல்வெப்பம் உயர்ந்தது, நிழலில் ஒதுங்கி மூச்சிரைத்து நின்றன, மேய்ச்சல் நின்றது. உள்நாட்டு ஆப்பிரிக்காண்டர் மாடோ அதே வெயிலில் மேய்ந்துகொண்டிருந்தது. பான்ஸ்மா உடல்வெப்பத்தையும், தோலின் தன்மையையும், மயிர் வழவழப்பாக உள்ளதா கம்பளி போன்றுள்ளதா என்பதையும் அளந்தார். எட்டில் ஐந்து பங்கு ஆப்பிரிக்காண்டர், எஞ்சிய மூன்று பங்கில் பாதி ஹியர்போர்டு, பாதி ஷார்ட்ஹார்ன் என்னும் குருதிக் கலவை நிலைநிறுத்தப்பட்டது. அறிஞரின் பெயரும் பண்ணையின் பெயரும் சேர்ந்து பான்ஸ்மாரா என்ற இனப்பெயர் பிறந்தது. 1964இல் வளர்ப்போர் சங்கம் அமைந்தபோது உற்பத்தித் திறன் பதிவு கட்டாயமாக்கப்பட்டது. கண்காட்சியில் பெறும் பரிசை விட, ஆண்டுதோறும் கன்று ஈன்று அதனை நல்ல எடையோடு பால்குடி மறக்கச் செய்யும் பசுவுக்கே அங்கு மதிப்பு.

மற்றொரு வழி இன்றைய ஜிம்பாப்வேயில், அன்றைய தெற்கு ரொடீஷியாவில் காணப்பட்டது. 1940களில் குவாண்டா மாவட்டத்தில் பணியாற்றிய ஹார்வி என்ற நிலவள அலுவலர், பழங்குடி மக்களின் மந்தைகளில் பொன்னிற மாடுகள் சில பிறவற்றை விடச் செழிப்பாக இருப்பதைக் கவனித்தார். வெளிநாட்டுக் காளை எதுவும் வரவழைக்கப்படவில்லை. மக்களிடமிருந்தே அத்தகைய மாடுகளை வாங்கி ஒரு நிலையத்தில் சேர்த்து, அவற்றுக்குள்ளேயே தேர்வு செய்தமையால் துலி என்ற இனம் உருவாயிற்று. நூற்றாண்டுகளாகப் பஞ்சத்தையும் உண்ணியையும் கடந்து மக்கள் காத்துவந்த மந்தைக்குள்ளேயே சிறந்தவை இருக்கின்றன என்பதும், அவற்றைக் கண்டறியப் பார்வையும் ஏடும் போதும் என்பதும் துலி இனத்தின் வரலாறு தரும் செய்தி.

இவ்விரண்டில் தீவுக்கு எது பொருந்தும்? கலப்பின வழி விரைவானது. ஆனால் கலப்பினத்தின் வளர்ச்சி தீவனத்தை நம்பியது. நிக்கோபாரில் நெல்லோ மக்காச்சோளமோ குறிப்பிடத்தக்க அளவில் விளைவதில்லை. அடர்தீவனம் கப்பலில்தான் வரவேண்டும். கப்பல் தாமதமானால் கொட்டில் பட்டினி கிடக்கும். எனவே துலியின் வழியே நிக்கோபாருக்கு ஏற்றது என்று கொள்வதற்குப் போதிய காரணம் உண்டு.

தென்னையில் வளர்ந்த பன்றி

நிக்கோபாரிப் பன்றி குட்டையான, திரண்ட உடலமைப்புக் கொண்டது. கருமை, பழுப்பு, செங்கல் நிறம் எனப் பல நிறங்களில் காணப்படும். தோளிலிருந்து வால் அடிவரை முதுகின் நடுக்கோட்டில் முரட்டு மயிர் நிமிர்ந்து நிற்பது இதன் அடையாளம். நிக்கோபாரிகள் பேசுவது ஆஸ்திரோ ஆசிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த மொழி. அவர்தம் பன்றியின் தாய்வழி மரபணுவும் தென்கிழக்காசியப் பன்றிகளோடு உறவு காட்டுகிறது. மக்களும் பன்றியும் ஒரே திசையிலிருந்து வந்திருக்கவேண்டும் என்ற கருத்துக்கு இது வலுவூட்டுகிறது.

இப்பன்றி பகல் முழுவதும் தோப்பிலும் காட்டோரத்திலும் கடற்கரையிலும் தானே இரை தேடும். வளர்ப்பவர் குறித்த நேரத்தில் தேங்காய் இடுவார். அதற்காகவே அது வீடு திரும்பும். கொட்டில், வடிகால், தீவனத் தொட்டி என்ற செலவுகள் இல்லை. உடைமையும் தனி ஒருவருடையதன்று. கார் நிக்கோபாரில் துகெத் எனப்படும் கூட்டுக் குடும்பமே தோப்புக்கும் பன்றிக்கும் உரியது. முன்னோரின் எலும்புகளைத் தோண்டியெடுத்து மரியாதை செய்யும் பெருவிழாவிலும் ஏனைய விருந்துகளிலும் பன்றியே தலைமையான பொருள். ஒரு குடும்பத்தின் பெருமை அது விருந்துக்கு அளிக்கும் பன்றியால் அளக்கப்பட்டது.

இவ்வழக்கத்தில் இனவிருத்தி அறிஞர் கவனிக்கவேண்டிய ஒரு நுட்பம் உண்டு. விருந்துக்குத் தேர்ந்தெடுக்கப்படுவது மந்தையிலேயே பெரிய பன்றி. அது தன் வழித்தோன்றல்களை விட்டுச் செல்லுமுன் வெட்டப்படுமானால், ஒவ்வொரு விழாவும் மந்தையின் சிறந்த குருதியைக் குறைத்துவிடும். விழாவைக் குறை கூறுவது அலுவலரின் வேலையன்று. விருந்துக்குரிய பன்றி எது, இனவிருத்திக்குரிய பன்றி எது என்பதை முன்கூட்டியே பிரித்துக் குறித்துவைக்கும்படி குடும்பத் தலைவர்களோடு பேசி முடிவு செய்வதே இயலக்கூடிய காரியம். மந்தைப் பதிவேட்டின் முதல் பயன் இதுவாகவே இருக்கலாம்.

கோழியைப் பொறுத்தவரை நிலைமை ஓரளவு நன்று. நிக்கோபாரிகள் இதற்கு இட்ட பெயருக்கே குட்டைக்கால் கோழி என்பது பொருள். ஆண்டுக்கு 140 முதல் 160 முட்டைகள் வரை இடும் திறன் இதற்கு உண்டு. நாட்டுக் கோழிகள் பலவும் இதில் பாதியைக்கூட எட்டுவதில்லை. 1978இல் போர்ட் பிளேரில் நிறுவப்பட்டு, இன்று மத்தியத் தீவு வேளாண் ஆராய்ச்சி நிலையம் என்று அழைக்கப்படும் நிறுவனம் (அந்நகரின் பெயர் 2024இல் ஸ்ரீ விஜயபுரம் என மாற்றப்பட்டது) இக்கோழியைத் தன் பண்ணையில் பெருக்கி ஆய்வு செய்து வந்துள்ளது. நிஷிபாரி, நிக்கோராக் எனப்படும் கலப்பினங்களையும் இதிலிருந்து உருவாக்கியது. தெரசா ஆடு, தான் வாழும் தீவின் பெயரையே தாங்கியுள்ள இறைச்சி ஆடு.

2004 டிசம்பர் 26

அன்று காலை கடல் எழுந்தபோது நிக்கோபார் தீவுகளின் கரையோரக் கிராமங்கள் பெரும்பாலும் அழிந்தன. தீவுகளில் நிலமே தாழ்ந்தது. கிரேட் நிக்கோபாரின் தென்முனையிலுள்ள இந்திரா முனைக் கலங்கரை விளக்கின் அடித்தளம் கடலுக்குள் அமைந்துவிட்டது. ஆயிரக்கணக்கான மக்கள் மாண்ட அந்த நாளில் பன்றியையும் ஆட்டையும் எண்ணியவர் எவருமிலர். அதுவே இயல்பும் ஆகும். ஆனால் ஓர் இனம் முழுவதும் தாழ்வான கடற்கரையை ஒட்டியே வாழ்வதன் பொருள் என்ன என்பது அன்று விளங்கிற்று.

இழப்பு மூன்று அடுக்குகளாக நேர்ந்தது. முதலில் விலங்குகள் மாண்டன. அவற்றோடு அவற்றின் உணவாகிய கரையோரத் தென்னந்தோப்புகளும் போயின. புதிய தென்னை காய்க்க ஆண்டுகள் பல ஆகும். மூன்றாவது அடுக்கு மெதுவாக வெளிப்பட்டது. நிவாரணமும் புதிய வீடுகளும் தனித்தனிக் குடும்பங்களுக்கு வழங்கப்பட்டமையால், துகெத் என்ற கூட்டு உடைமை தளர்ந்தது. உள்நிலத்தில் நெருக்கமாக அமைந்த குடியிருப்பில் பன்றியைத் திறந்து விடுவதும் எளிதாக இல்லை. இனத்தைத் தாங்கிய மூன்று தூண்களாகிய விலங்கு, தோப்பு, குடும்பம் ஆகியவற்றில் ஒன்றை மட்டும் பண்ணையிலிருந்து கொண்டுவந்து கொடுத்தால் போதுமா என்பதைத் திட்டமிடுவோர் எண்ணிப்பார்க்க வேண்டியவர்களாயினர். இத்தகைய வேளையில் விரைந்து கிடைப்பது வெள்ளை யார்க்ஷயர்க் குருதி கலந்த குட்டிகளே. அவை வேகமாக வளரும் என்பதில் ஐயமில்லை. ஆனால் எஞ்சியிருந்த நாட்டுப் பன்றியோடு அவை கட்டுப்பாடின்றிக் கலக்குமானால், சில தலைமுறைகளில் பதிவேட்டில் பெயர் மட்டுமே மிஞ்சும்.

மந்தையின் கணக்கு

காப்பு மந்தை ஒன்றை அமைக்கும்போது எத்தனை பெண் விலங்குகள் என்றே பொதுவாகக் கேட்கப்படுகிறது. உண்மையில் ஆண் விலங்குகளின் எண்ணிக்கையே மந்தையின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கிறது. 50 பெண் பன்றிகளும் 5 ஆண் பன்றிகளும் கொண்ட மந்தையை எடுத்துக்கொள்வோம். ஆண், பெண் எண்ணிக்கைகளைப் பெருக்கி, அதனை நான்கால் பெருக்கி, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் கிடைப்பது மந்தையின் செயல்படு எண்ணிக்கை எனப்படும். இங்கு 250ஐ நான்கால் பெருக்க 1000. அதனை 55ஆல் வகுத்தால் ஏறக்குறைய 18. கண்ணுக்கு 55 பன்றிகள் தெரிந்தாலும், மரபு வழியில் அது 18 பன்றிகளின் மந்தையே. தலைமுறை ஒன்றுக்கு உறவினக் கலப்பு சுமார் 2.75 சதவீதம் ஏறும்.

அதே 50 பெண் பன்றிகளோடு 20 ஆண்களை வைத்திருந்தால் செயல்படு எண்ணிக்கை 57 ஆகிறது. உறவினக் கலப்பு 0.9 சதவீதத்துக்குள் அடங்குகிறது. தலைமுறைக்கு ஒரு சதவீதத்துக்கு மேற்படாதிருத்தல் நன்று என்பது பன்னாட்டு அளவில் ஏற்கப்பட்டுள்ள வழிகாட்டு அளவு. பதினைந்து ஆண் பன்றிகளுக்கு ஆகும் கூடுதல் தீவனச் செலவைத் தணிக்கையாளர் வீண் என்று குறிக்கக்கூடும். அச்செலவே அம்மந்தையின் காப்பீட்டுத் தொகை என்பதைத் திட்ட அறிக்கையிலேயே எழுதிவைத்தல் நல்லது.

அடுத்த வினா, மந்தை எங்கே இருப்பது என்பது. தலைநகரப் பண்ணையில் இருந்தால் அளவெடுக்கவும் மருத்துவம் செய்யவும் எளிது. ஆனால் கொட்டிலில் அடர்தீவனம் உண்டு வளரும் பன்றிகளுள் எது வேகமாக எடை கூடுகிறதோ அதனைத் தேர்ந்துகொண்டே போனால், பத்துத் தலைமுறைக்குப் பின் கிடைப்பது கொட்டிலுக்கு ஏற்ற பன்றி. தோப்பில் இரை தேடும் திறன் கவனிக்கப்படாமலே கழிந்திருக்கும். பான்ஸ்மா தம் மாடுகளை வெயிலிலேயே வைத்து அளந்ததன் காரணம் இதுவே. மாறாக, மந்தை முழுவதையும் ஒரே தீவில் விட்டுவைத்தால் 2004இன் அனுபவம் மீண்டும் நேரலாம். நோயும் அவ்வாறே. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் 2020இல் இந்தியாவுக்குள் முதன்முதலாக நுழைந்து வடகிழக்கு மாநிலங்களில் பெரும் அழிவு செய்தது. அதற்குத் தடுப்பூசி போட்டுக் காப்பது எளிதன்று; கடல் ஒன்றே நல்ல வேலி. அவ்வேலியும் படகில் வரும் ஒரு குட்டியால் திறந்துவிடும்.

ஆகவே தோப்புகளில் குடும்பங்களிடம் உள்ள பன்றிகளே இனத்தின் உடலாகவும், ஒன்றுக்கு மேற்பட்ட தீவுகளில் பிரித்து வைக்கப்பட்ட சிறு மந்தைகள் அதன் காப்பாகவும் அமைவதே தக்கது. குடும்பங்களிடம் எடுபடும் சிறந்த குட்டிகள் காப்பு மந்தைக்கு வரவும், காப்பு மந்தையின் ஆண் குட்டிகள் குடும்பங்களுக்குச் செல்லவும் வழி திறந்திருக்கவேண்டும். உறைவிந்து முறை பன்றிக்கு மாட்டைப் போல அவ்வளவு வெற்றி தருவதில்லை. ஆதலால் உயிருள்ள மந்தையை விட்டால் வேறு புகல் இல்லை.

ட்ரிங்கட் தீவின் மாடுகள்

நிக்கோபாரில் மாட்டினம் ஒன்றும் உண்டு. நான்கௌரித் துறைமுகத்தை அடுத்த ட்ரிங்கட் தீவின் புல்வெளிகளில் காட்டு விலங்கு போலத் திரியும் இம்மாடுகளை எவரும் கறப்பதில்லை; ஏர் பூட்டுவதுமில்லை. தரங்கம்பாடியிலிருந்து ஆட்சி செலுத்திய டேனியர் 1756இல் நிக்கோபாரை உரிமை கொண்டாடி, குடியேற முயன்று, காய்ச்சலில் பலரை இழந்து, 1868இல் கைவிட்டனர். அவர்கள் விட்டுச்சென்ற மாடுகளின் வழிவந்தவையே இவை என்பது வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. அங்ஙனமாயின், மனிதனின் தேர்வு சிறிதுமின்றி, மழையும் புல்லும் ஈயும் மட்டுமே தேர்வு செய்த மந்தை இது. பான்ஸ்மா போன்றோர் பல ஆண்டுகள் உழைத்துத் தேடிய தன்மை இங்குத் தானாக விளைந்து கிடக்கிறது.

ஆழிப்பேரலையில் ட்ரிங்கட் தீவு துண்டுகளாகப் பிளவுபட்டது. உயிர் தப்பிய மக்கள் அண்டைத் தீவாகிய கமோர்ட்டாவில் குடியமர்த்தப்பட்டனர். மாடுகள் தங்கிவிட்டன. காளை எது, எந்தப் பசு எந்தக் கன்றை ஈன்றது, உறவினக் கலப்பு எவ்வளவு என்பனவற்றை உரைக்க உடைமையாளர் எவரும் உடனில்லை. இத்தகைய மந்தைக்கு ஏடு தொடங்குவது பன்றியைப் போன்றதன்று. ஒவ்வொரு விலங்கையும் படமெடுத்து அடையாளம் குறிப்பதும், ஆண், பெண், கன்று எனப் பருவந்தோறும் எண்ணுவதும், மயிரோ சாணமோ கொண்டு மரபணு உறவை அறிவதும் முதற்படிகளாம். இறைச்சியாகவோ ஏற்றுமதியாகவோ இதனைக் கருதித் திட்டம் தீட்டுமுன், எத்தனை எடுக்கலாம் என்பதற்கு எண்ணிக்கை வேண்டும்.

இதற்கும் ஒரு நிபந்தனை உண்டு. 1956ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறையின்படி நிக்கோபார் தீவுகள் காப்பிடப்பட்ட பகுதி. வெளியார் நுழைய அனுமதி வேண்டும். மாடு எண்ணச் செல்லும் அலுவலரும் இதற்கு விலக்கல்லர். கிராமத் தலைவர்களான கேப்டன்களின் இசைவோடு, கமோர்ட்டாவில் வாழும் ட்ரிங்கட் இளைஞர்களே படகில் சென்று எண்ணிக்கை எடுப்பது சிக்கனமும் முறையும் ஆகும். அவர்கள் தம் தோப்புகளைப் பார்க்க அங்குச் செல்பவர்களே. எண்ணிக்கை ஏட்டின் ஒரு படி கர்னாலுக்கும், ஒரு படி தலைநகர ஆராய்ச்சி நிலையத்துக்கும், மூலம் அவர்களது கிராமத்திலேயும் இருத்தல் வேண்டும்.